பிரேக்கில் கரையும் டீசல்: ஓட்டுநர்களுக்கு எரிபொருள் சிக்கனம் கற்றுத்தருவது ஏன் கடினம்?

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில் ஓர் ஓட்டுநரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், விபத்துக் கணக்குக்கு அடுத்தபடியாக வருவது அவருடைய கே.எம்.பி.எல்., அதாவது ஒரு லிட்டர் டீசலில் அவர் ஓட்டும் கிலோமீட்டர். ஒரே தயாரிப்பு, ஒரே வயது, ஒரே வழித்தடம் என்று எல்லாம் ஒத்திருக்கும் இரண்டு பேருந்துகளில் ஒருவர் லிட்டருக்கு 5.7 கிலோமீட்டர் எடுப்பதும் இன்னொருவர் 5.2-ஐத் தாண்ட முடியாமல் நிற்பதும் எந்தப் பணிமனையிலும் காணக்கூடிய காட்சி. நன்றாக எடுப்பவரைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அதிலிருந்து இயல்பாகத் தோன்றும் யோசனைதான். அந்த யோசனை நடைமுறையில் எங்கே பலிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதையே இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முதலில் பணத்தின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓடும் புறநகர்ப் பேருந்து ஒன்று லிட்டருக்கு 5.3 எடுத்தால் அதற்கு 75.5 லிட்டர் வேண்டும், 5.5 எடுத்தால் 72.7 லிட்டர் போதும். வித்தியாசம் 2.7 லிட்டர்தான். லிட்டருக்கு 90 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு வண்டிக்கு இது ஏறத்தாழ 90,000 ரூபாய் ஆகிறது. எட்டுக் கழகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 20,000 பேருந்துகளை வைத்திருக்கும் மாநிலத்தில், பத்தில் இரண்டு பங்கு கிலோமீட்டர் என்பது நிர்வாகம் கண்ணை மூடிக்கொள்ளக்கூடிய தொகை அன்று. சம்பளத்தையும் உதிரிபாக விலையையும் கிளை மேலாளரால் மாற்ற முடியாது. டீசல் ஒன்றுதான் அவர் கைக்கு எட்டும் செலவு. அவருடைய கவனம் முழுவதும் அந்த எண்ணின் மேல் விழுவதற்குக் காரணம் இதுவே.

ஓட்டும் முறையால் டீசல் எங்கே வீணாகிறது என்று கேட்டால், பெரும்பாலான ஓட்டுநர்கள் ஆக்ஸிலேட்டரைக் காட்டுவார்கள். பேருந்தைப் பொறுத்தவரை பிரேக்கைக் காட்டுவதுதான் சரியான விடை என்பது என் கருத்து. ஆட்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதற்குள் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்கு வந்து சேரும். அந்தக் கணக்கில் பார்த்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியைப் பிரேக் அழுத்தி முழுமையாக நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 75 மில்லி டீசல் பிரேக் டிரம்மில் வெறும் சூடாகப் போய்விடுகிறது. வேகம் 60 ஆக இருந்தால் இழப்பு 170 மில்லியைத் தாண்டும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்தில் டீசல் செலவாவதில்லை என்பதால் ஓட்டுநருக்கு இது தெரிவதில்லை. அந்த வேகத்தை எட்டுவதற்காக அவர் முன்னமே செலவழித்ததைத்தான் இப்போது தொலைக்கிறார்.

கற்றுத்தர வேண்டிய முதல் பழக்கம் இதிலிருந்தே வருகிறது. குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் போகும் மாநகரப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் சிக்னல் சிவப்பாக இருப்பது 200 மீட்டர் தொலைவிலேயே தெரிகிறது. பழகாத ஓட்டுநரின் கால் அப்போதும் ஆக்ஸிலேட்டரிலேயே இருக்கும்; 50 மீட்டர் இருக்கும்போதுதான் அது பிரேக்குக்கு மாறும். நிற்கும் பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வதைப் பார்த்தாலே அது விளங்கும். பழகியவரோ சிவப்பைப் பார்த்தவுடன் காலை எடுத்து, கியரிலேயே வண்டியை ஓடவிட்டு, வேகம் 25-க்கு இறங்கிய பிறகுதான் பிரேக்கைத் தொடுகிறார். 25-லிருந்து நிறுத்துவதில் போவது 30 மில்லிக்கு ஈடான ஆற்றல்தான். மிச்சமாகும் 45 மில்லியில் ஒரு பகுதி எஞ்சின் உராய்விலும் போய்விடும் என்பதால் பாதியை மட்டுமே வரவு வைத்தாலும், ஒரு நாளில் 100 நிறுத்தங்களிலும் சிக்னல்களிலும் இப்படிச் செய்பவருக்கு 2 லிட்டர் மிஞ்சுகிறது. இதோடு இன்னொரு லாபமும் உண்டு. மெதுவாக அணுகும்போது பாதி வழியிலேயே சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டால் அவர் நிற்க வேண்டியதே இல்லை. நின்ற வண்டியை இரண்டாவது கியரிலிருந்து மறுபடி இழுத்துக்கொண்டு வருவதுதான் நகரப் பேருந்தின் மிகப் பெரிய செலவு.

மற்ற பழக்கங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான பேருந்து எஞ்சின்கள் நிமிடத்துக்கு 1200 முதல் 1600 சுற்றுகள் வரையில் சிக்கனமாக இழுக்கும். அளவுமானியில் பச்சையாகக் காட்டப்பட்டிருப்பது அந்தப் பகுதிதான். அதற்குள் கியரை மாற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். கிளட்ச் மிதியின் மேல் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும், பத்து பி.எஸ்.ஐ. குறைந்தால் அரை முதல் ஒரு சதவீதம் வரை டீசல் கூடும் என்பது லாரித் தொழிலில் வழங்கும் கணக்கு. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடுவதால், 60-லிருந்து 80-க்குப் போகும் வண்டி ஏறத்தாழ 1.8 மடங்கு எதிர்ப்பைத் தள்ளியாக வேண்டும். இவை எல்லாம் ஓட்டுநர்களுக்குத் தெரியாதவை அல்ல. 1978-இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாக இதே செய்திகளைச் சுவரொட்டிகளாகவும் வகுப்புகளாகவும் பணிமனைகளுக்குக் கொண்டுபோய்க் கொண்டுதான் இருக்கிறது. தெரிந்திருந்தும் செய்யாததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, சிக்னலில் எஞ்சினை அணைக்கும் அறிவுரை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு பேருந்து எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. ஆகவே அணைப்பதில் லாபம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பேட்டரி தளர்ந்த பழைய வண்டியில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, அணைத்த எஞ்சின் திரும்பக் கிளம்புமா என்பதே முதல் கேள்வி. கத்திப்பாராவிலோ கோயம்பேட்டிலோ பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது செல்ஃப் எடுக்காமல் போனால் திட்டு வாங்குவது அவர்தான். அறிவுரை சொன்னவர் அங்கே இருக்க மாட்டார். ஏர் பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு தயக்கமும் சேர்கிறது. எங்காவது காற்றுக் கசிவு இருந்தால், எஞ்சின் நின்ற சில நிமிடங்களில் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியின் அழுத்தம் குறைந்துவிடும். அழுத்தம் திரும்ப ஏறும்வரை வண்டியை நகர்த்த முடியாது. காலையில் பணிமனையில் பல ஓட்டுநர்கள் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பதற்கும் இந்தக் கசிவுகளே பாதிக் காரணம். கசியும் குழாயை மாற்றாமல் ஓட்டுநருக்கு வகுப்பு எடுத்துப் பயனில்லை. கெட்ட பழக்கம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது, உள்ளே இருப்பவருக்கு அனுபவம் கற்றுத்தந்த முன்ஜாக்கிரதையாக இருக்கிறது. நல்ல பயிற்சியாளர் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இறுகிப் பிடிக்கும் பிரேக்கும் அப்படித்தான். சரியாக விடுபடாத பிரேக்கோடு ஓடும் வண்டியில் எவ்வளவு திறமையாகக் காலை எடுத்தாலும் டீசல் மிஞ்சாது. அனுபவமுள்ள மெக்கானிக் வண்டி உள்ளே வந்ததும் சக்கரங்களின் நான்கு டிரம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. சமமான சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, வண்டி எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்று அளந்து பார்ப்பதும் இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி. இந்தச் சோதனையை முடித்த பிறகு ஓட்டுநரின் காலைப் பற்றிப் பேசுவதே நியாயம்.

இனி, கற்றுத்தரும் முறைக்கு வருவோம். அரசுக் கழகங்களில் ஓட்டுநர் போதகர் என்ற பதவியில் இருப்பவர் பெரும்பாலும் ஓட்டுநராக இருந்து அந்தப் பணிக்கு வந்தவர். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது அவருக்குக் கிடைக்கும் மரியாதையைவிட, வழித்தட வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியை ஒட்டி அவர் அமரும்போது கிடைக்கும் மரியாதை அதிகம். நன்றாகக் கற்றுத்தருபவர்கள் முதல் சிங்கிளில், அதாவது முதல் ஒருவழி ஓட்டத்தில், எதுவும் பேசுவதில்லை. ஓட்டுநர் வழக்கம்போல் ஓட்டுகிறார்; அவர் எத்தனை முறை பிரேக் பிடித்தார், எத்தனை முறை கியர் மாற்றினார் என்று மட்டும் போதகர் எண்ணிக்கொள்கிறார். திரும்பும் சிங்கிளில், "தம்பி, கொஞ்சம் முன்னாடியே காலை எடுங்க, வண்டி தானாப் போகும்" என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. "டைம் போயிடுமே அண்ணே" என்று பதில் வரும். போதகர் வாதம் செய்வதில்லை; கடைசி நிறுத்தத்தில் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு நாளில் ஒரு பழக்கம் என்பதே அளவு. ஆறு அறிவுரைகளை ஒன்றாகக் கேட்ட கால் எதையும் பின்பற்றாது.

நேரத்தைப் பற்றிய அந்தப் பயம் பொய்யன்று, ஆனால் மிகைப்பட்டது. இரண்டு ஊர்களுக்கு இடையில் தடையின்றி ஓடக் கிடைக்கும் தூரம் 20 கிலோமீட்டர் என்றால், 70-இல் போனால் 17 நிமிடம், 60-இல் போனால் 20 நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தை அடுத்த ரயில்வே கேட்டோ சுங்கச்சாவடியோ பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நகரப் பேருந்தில் நேரத்தைத் தீர்மானிப்பது வேகம் அன்று, நிறுத்தங்களில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரமே. இருந்தாலும் ஓடும் நேரத்தையே இறுக்கமாக வகுத்துவிட்ட வழித்தடத்தில் எந்தப் போதகரும் தோற்றுப்போவார். கோவை, சேலம் பகுதிகளில் ஓடும் தனியார் பேருந்துகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வசூலைப் பொறுத்துப் பேட்டா கிடைக்கும் இடத்தில், முன்னால் போகும் வண்டியை முந்தி அடுத்த நிறுத்தத்தின் ஆட்களை ஏற்றிக்கொள்பவருக்கே வருமானம். அவர் ஏன் 200 மீட்டருக்கு முன்பே காலை எடுக்கப் போகிறார்?

நாமக்கல் லாரித் தொழிலில் இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைக் காணலாம். சில உரிமையாளர்கள் வண்டிக்கும் சரக்குக்கும் ஏற்ப ஒரு மைலேஜை முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் மிச்சப்படுத்தும் டீசல் ஓட்டுநருக்கு வரவு. குறைந்தால் அவர் கணக்கில் பிடித்தம். இங்கே யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மூத்த ஓட்டுநரிடமிருந்து கிளீனர் பார்த்தே கற்றுக்கொள்கிறார். பயனுள்ள ஏற்பாடுதான் என்றாலும் இதில் ஒரு கெடுதல் ஒளிந்திருக்கிறது. பணம் எண்ணோடு மட்டும் கட்டப்பட்டிருப்பதால், அந்த எண்ணைக் கூட்டும் எந்த வழியும் பழக்கமாகிவிடுகிறது. அவற்றில் மிக ஆபத்தானது இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது.

இந்தப் பழக்கத்தை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் சிக்கன முறைகளில் அதிகம் பரவியிருப்பது இதுதான். அதிலும் பாதி தவறு. கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் ஓடும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றவைக்கிறது. அப்போது நவீன டீசல் எஞ்சின் எரிபொருள் செலுத்துவதை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. பழைய பம்ப் வகை எஞ்சின்களிலும், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் அதையே செய்கிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க ஐடிலிங் டீசல் தேவைப்படுகிறது. ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதில்லை, கூட்டுகிறது. மிதமான சரிவில் மட்டும், எஞ்சினின் இழுப்பு இல்லாததால் வண்டி சற்று அதிக தூரம் உருள்கிறது என்பது உண்மை. அதைக் கண்ணால் பார்த்த ஓட்டுநர், எல்லா இறக்கத்துக்கும் அதுவே பொருந்தும் என்று முடிவு செய்துவிடுகிறார்.

கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. அங்கிருந்து இறங்கும் பேருந்தின் எடை முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்கினால், லைனிங் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிப்பை இழந்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். எஞ்சினையே அணைத்து உருட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும், கம்ப்ரஸர் நின்றுவிடுவதால் பிரேக்குக்குக் காற்றும் புதிதாக ஏறாது, எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. சிக்கனத்தையும் பாதுகாப்பையும் ஒரே பாடமாகச் சொல்லித்தர வேண்டிய இடம் இது. பிரிட்டனில் 2003-இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கப்பட்ட சேஃபெட் (SAFED: Safe and Fuel Efficient Driving) பயிற்சித் திட்டம் தன் பெயரிலேயே பாதுகாப்பையும் எரிபொருள் சிக்கனத்தையும் இணைத்துக்கொண்டது. அதில் ஓட்டுநர் குறிப்பிட்ட பாதையில் முதலில் தன் வழக்கப்படி ஓட்டுவார். பாடத்துக்குப் பிறகு அதே பாதையில் மறுபடி ஓட்டுவார். இரண்டு ஓட்டங்களின் எரிபொருள், நேரம், கியர் மாற்றிய எண்ணிக்கை ஆகியவை ஒப்பிட்டுக் காட்டப்படும். நம் போதகர்கள் முதல் சிங்கிளில் பேசாமல் எண்ணிக்கொள்வதும் இதே தர்க்கம்தான்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ ஒருமித்துக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. இத்தகைய பயிற்சி முடிந்த உடனே எரிபொருள் கணிசமாகக் குறைகிறது. ஆனால் தொடர்ந்து யாரும் கவனிக்காவிட்டால் சில மாதங்களில் அந்த லாபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்த உத்தரவின்படி, தொழில்முறைப் பேருந்து, லாரி ஓட்டுநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். பாடத்திட்டத்தில் எரிபொருள் சிக்கனமும் இருக்கிறது. ஐந்து ஆண்டு என்பது காலின் பழக்கத்துக்கு மிக நீண்ட இடைவெளி என்றே எனக்குத் தோன்றுகிறது. மாதம் ஒருமுறை பக்கத்தில் வந்து அமரும் போதகர் ஒருவர், எந்தச் சான்றிதழையும்விட அதிக வேலை செய்வார்.

தொடர்ந்து கவனிப்பது என்றால் தினமும் எண்ணைப் பலகையில் எழுதித் தொங்கவிடுவது என்று பல இடங்களில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கேதான் நம்பிக்கை முறிகிறது. இரவில் பணிமனைக்குள் வரும் வண்டிக்குத் தொட்டி நிறையும்வரை டீசல் பிடித்து, அன்று ஓடிய கிலோமீட்டரை அதால் வகுப்பதே கணக்கிடும் முறை. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலோ, நுரை அடங்குமுன் பம்பை நிறுத்தினாலோ இரண்டு லிட்டர் வித்தியாசம் எளிதில் வந்துவிடும். மேலே கணக்கிட்டபடி, ஒரு சிக்கனமான ஓட்டுநருக்கும் சாதாரண ஓட்டுநருக்கும் உள்ள ஒரு நாள் வித்தியாசமே 2.7 லிட்டர்தான். நேற்று 5.6, இன்று 5.2 என்று ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, அவருடைய காலை அளக்கிறோமா, பம்பில் நின்றவரின் கையை அளக்கிறோமா என்பது தெளிவில்லை. ஒரே வண்டியைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் ஓட்டினால் யாருடைய எண் அது என்ற கேள்வி வேறு. இதோடு, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. ஏறும் கூட்டம் வழித்தடத்துக்கு வழித்தடம் பெரிதும் வேறுபடுவதால், ஒரு வழித்தடத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரே வழித்தடத்தில் ஓடும் ஒத்த வண்டிகளை மட்டும் எடுத்து, குறைந்தது ஒரு மாதக் கணக்கை வைத்துப் பேசினால்தான் ஓட்டுநர் காது கொடுப்பார். நியாயமற்ற எண்ணுக்காக மெமோ வாங்கியவர் அடுத்த நாளே நியூட்ரலுக்குப் போவார், அல்லது நிறுத்தத்தில் கை காட்டும் ஒற்றைப் பயணியை விட்டுவிட்டுப் போவார். வண்டியை நிறுத்தாமல் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய டீசல் சிக்கனம் என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது ஓட்டுநர் போதகர்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் வழித்தடங்களில் 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இவற்றில் காலை முன்கூட்டியே எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் அதில் பெரும்பகுதி பழையபடி பிரேக்கில் சூடாகவே போகிறது. டீசல் வண்டியில் ஓட்டுநர் கற்ற அந்த முதல் பழக்கம் இங்கே இன்னும் அதிக லாபம் தரும். கிளட்சும் கியரும் இல்லாததால் மற்ற பாடங்கள் பலவற்றுக்கு வேலையில்லை. கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை வண்டியே வினாடிக்கு வினாடி பதிவு செய்வதால், தொட்டியின் சாய்வையும் நுரையையும் பற்றிய பழைய தகராறும் இங்கே எழாது. ஆனால் ஏசி உள்ள வண்டிகளில் அது எடுக்கும் மின்சாரமும் அதே கணக்கில் சேர்கிறது. மே மாத மதியத்தில் ஓட்டியவரையும் டிசம்பர் காலையில் ஓட்டியவரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட்டால் அங்கேயும் இதே சண்டைதான் வரும்.